மீசைத் தாத்தாவின் துணிக்கோழி

அன்பு நெனிட்டா,

துபாய் பொம்மைக் கடையில், டாய்லெட் பேப்பர் சுற்றிவரும் அட்டைக் குழலோடு பிடிபட்டவன் உன் புருஷன்தான். வேறு யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், சொல்ல வேறொன்றும் இல்லை.

அந்தக் குழலுக்குள் நுழையும் எதுவும் சின்னப் பிள்ளையின் தொண்டையில் சிக்கும் என்று அறைத்தோழன் டோடோங் சொன்னான். பேரன் எலியாஸுக்கு முதல் கிறிஸ்துமஸ் ஆயிற்றே! ஒவ்வொரு பொம்மையாய்ப் போட்டுப் பார்த்தேன். ஒரு வாத்து பாதியில் மாட்டிக்கொண்டது.

"என்னண்ணே, வாத்துக்குப் பிரசவம் பாக்குறீங்களா?" என்றாள் கடைப்பெண். அவளும் நம் ஊர் இலோய்லோக்காரிதான்.

"பேரனுக்கும்மா."

"எத்தன மாசம்?"

"ஊருக்கு அனுப்புற பெட்டி கப்பல்ல போய்ச் சேர்றப்ப பத்து."

"அப்ப இந்தத் துணிக்கோழிய வாங்குங்க. கடிச்சாலும் தாங்கும். நீங்க கடிச்சுப் பாக்க வேணாம்!"

கோழி பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது. கிறிஸ்துமஸ் பூசை முடிந்து வந்ததும் கொடு. கூடவே நான் போட்டுக் கழற்றிய சட்டையும் இருக்கும். துவைத்துவிடாதே, கோழியை அதில் சுற்றிக் கொடு. போனில் என் மீசையைப் பார்த்து அலறுகிறவன் வாசனைக்காவது பழகட்டும்.

பெட்டியை எடுக்க லாரி வந்துவிட்டது. அடியில் அடுக்கி விளையாடும் மரக்கட்டைகள் இருக்கின்றன, மூன்று வயதுக்கு மேல் என்று போட்டிருக்கும். அவற்றைப் பீரோ மேல் எடுத்து வை. இங்கே இன்னும் இரண்டு வருட வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கட்டைகளை நானே வந்து கொடுக்கிறேன்.

ரொடெல்