பீடோர் பஸ்ஸில் உங்கள் குரல்

அக்கா,

இன்று காலை என் அறைக்குள் முதலில் வந்தது தைல வாசனைதான். நிமிர்ந்து பார்த்தால், வாசலில் முதலாண்டு மாணவி ஒருத்தி. பீடோரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். வழியில் தலை சுற்றும் போலிருக்கிறது, நெற்றியில் தைலம் மின்னியது. பாடத்தைப் பதிவு செய்யத் தொடங்குமுன் நீங்களும் தொண்டையில் அதைத்தான் தேய்த்துக்கொள்வீர்கள்.

"மிஸ், பாட்காஸ்ட்ல பாடம் சொல்ற மிஸ் எந்த ரூம்ல இருக்காங்க?" என்று கேட்டாள்.

உட்காரச் சொன்னேன்.

இப்படி ஒரு பஸ் பயணத்தில்தானே எல்லாம் ஆரம்பித்தது. ஈப்போவில் நம் தாதியர் கல்லூரியில் காலை முதல் வகுப்பு என்றாலே, தூரத்திலிருந்து வரும் பிள்ளைகள் மேசையில் தலையைச் சாய்த்துவிடுவார்கள். அப்படித் தூங்கிய ஒருத்தியை நீங்கள் திட்டவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தீர்கள்.

"பஸ்ல என்னம்மா செய்வே?"

"பாட்டு கேப்பேன் மிஸ்."

"அப்ப நாளைலேர்ந்து என்னையும் கொஞ்சம் கேளு லா."

அன்று மாலையே என்னை இழுத்துக்கொண்டு பயிற்சி வார்டின் துணி அறைக்குப் போனீர்கள். போர்வைகள் கூரை வரை அடுக்கியிருந்த அந்தச் சின்ன அறையில்தான் எதிரொலி இல்லை. தலையணைமேல் கைப்பேசியை வைத்து, இதயம் ரத்தத்தை எப்படித் தள்ளுகிறது என்று ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசினீர்கள். வெளியே யாரும் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

கல்லூரித் தலைவருக்கு இது பிடிக்கவில்லை. "பிள்ளைங்க கிளாசுக்கு வராம பொந்தேங் போட நீங்களே வழி காட்டறீங்களா?" என்றார். நீங்கள் வாதாடவில்லை. அடுத்த பதிவிலிருந்து பாடத்தில் பாதியைத்தான் சொன்னீர்கள். நோயாளிக்கு மூச்சு வாங்குகிறது, நீ என்ன செய்வாய் என்று கேட்டு நிறுத்திவிடுவீர்கள். பதில் தெரிய வகுப்புக்கு வந்தாக வேண்டும். தூங்கிக்கொண்டிருந்தவள் முதல் பெஞ்சில் உட்கார்ந்து உங்களோடு வாதாட ஆரம்பித்தாள்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் உங்கள் அம்மா பால் மரம் வெட்டும்போது இடுப்பில் சின்ன ரேடியோ தொங்குமாம். "கைக்குத்தான்டி வேலை, காது சும்மாதானே இருக்கு," என்று சிரித்தீர்கள்.

பிறகு அந்த இருமல் வந்தது. மார்பில் ஆரம்பித்த புற்று நுரையீரலுக்குப் போய்விட்டது என்று தெரிந்த பிறகும் நீங்கள் துணி அறைக்கு வந்தீர்கள். இறக்கும் தறுவாயில் இருப்பவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற பாடம் பாக்கியிருந்தது. நான் வேண்டாமென்று கெஞ்சினேன். "இத என்ன விட யாரு நல்லா சொல்லுவா?" என்றீர்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நின்று மூச்சு வாங்கினீர்கள். நான் கதவுக்கு வெளியே நின்று அழுதது பதிவில் விழவில்லை.

"நோயாளி கண்ணை மூடிக்கிட்டாலும் பேச்ச நிறுத்தாதீங்க. காது கேட்டுக்கிட்டுத்தான் இருக்கும்" என்று பிள்ளைகளுக்குத் தமிழிலும் ஒரு தடவை சொல்லி முடித்தீர்கள். இறந்த பிறகு உடலைத் துடைத்துத் தயார் செய்வது அடுத்த பகுதி. "அத நீ பண்ணு லா. நான் பண்ணா பிள்ளைங்க பயந்துரும்," என்றீர்கள்.

நான் அதைப் பண்ணவேயில்லை, அக்கா. ஒவ்வொரு முறையும் துணி அறைக்குப் போய், போர்வைகளை அடுக்கி வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

இந்தப் பெண் அந்தப் பகுதியைத் தேடித்தான் வந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிப் பயிற்சியில் ஒரு முதியவரின் கடைசி மணிநேரங்களில் அவள் பக்கத்தில் இருந்தாளாம். "மிஸ் சொன்ன மாதிரி பேசிக்கிட்டே இருந்தேன். ஆனா அவர் போனதுக்கப்புறம் என்ன செய்யறதுன்னு தெரியல. பேச்ச நிறுத்தணுமா, என்னான்னு அவங்ககிட்டயே கேக்கலாம்னு வந்தேன்," என்றாள்.

நீங்கள் இப்போது உயிரோடு இல்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. கையிலிருந்த கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பக்கூட பஸ்ல என்கிட்ட பேசிட்டுத்தானே வந்தாங்க, மிஸ்."

இருவரும் சேர்ந்து அழுதோம். அவளை வகுப்புக்கு அனுப்பிவிட்டுத் துணி அறைக்குப் போனேன். கதவைக் காக்க யாருமில்லை. இருந்தாலும் தலையணைமேல் கைப்பேசியை வைத்துப் பேசினேன்.

நடந்ததைத்தான் சொன்னேன். நீங்கள் போன அன்று, மழை பெய்த அந்த மத்தியானம், உங்களைத் துடைத்தது நானும் உங்கள் தங்கையும்தான். வெந்நீரில் துணியை நனைத்து, "அக்கா, முகத்த துடைக்கிறேன்," என்றேன். "கையத் தூக்குறேன்க்கா. கொஞ்சம் திரும்பிக்குங்க." உங்கள் தங்கை என்னை விசித்திரமாகப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவளும் பேச ஆரம்பித்தாள். பேச்சை நிறுத்த வேண்டியதில்லை, என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி முடித்தேன்.

நாளைக் காலை அவர்கள் பஸ்ஸில் அதைக் கேட்பார்கள். நான் பதிவில் சொல்லாதது ஒன்றுதான். அன்று துடைப்பதற்காகத் தூக்கிய உங்கள் கையின் கனம், அக்கா, இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.