கோட்டுப் பையில் ஏலக்காய்

இனிமேலும் வாயை மூடிக்கொண்டு இருப்பதாக இல்லை. நீ உயிரோடு இருந்தபோது இரண்டு வருஷம் உன்னோடு பேசவில்லை. நீ போன பிறகு உன்னைப் பற்றி யாரோடும் பேசவில்லை. இரண்டும் சேர்ந்து நெஞ்சில் கல்லாகக் கிடக்கிறது.

இன்று காலை என் மனைவி பீரோவின் அடித்தட்டைக் காலி செய்கிறேன் என்று அந்தச் சிவப்புக் கோட்டை எடுத்து மொட்டைமாடிக் கொடியில் போட்டாள். கப்பலில் நமக்கு ஆளுக்கொன்று கொடுத்தார்களே, அதுதான். "இத யாருக்காச்சும் குடுத்துருவமா? இந்த வெயில்ல இதப் போட்டுக்கிட்டு எங்க போகப் போறீக?" என்றாள். பகல் ஏற ஏறத் துணி சூடாகி, அதன் பைக்குள்ளிருந்து ஏலக்காய் வாசம் கிளம்பியது. துவைத்தும் போகாத வாசம். நீ வந்து பக்கத்தில் நிற்பது போல இருந்தது. எனக்கு முதலில் வந்தது கோபம்தான், மறைக்க மாட்டேன்.

உன்னை நினைத்தால் கப்பலுக்கு முன்னால் எனக்கு ஜீப்தான் நினைவுக்கு வருகிறது. தொண்ணூற்றாறில் உன் ஏலத்தோட்டத்தைக் காட்டுகிறேன் என்று என்னைக் குமுளி மேட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனாய். வேலைக்குப் போகிற பெண்கள் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, நான் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவிலும் தலையை வெளியே நீட்டினேன். "ஏம்ப்பா, வாத்தியாரு பாடம் நடத்துறாரா, வாந்தியெடுக்குறாரா?" என்று ஒருத்தி கேட்க, ஜீப்பே சிரித்தது. நீ சட்டைப் பையிலிருந்து நாலு ஏலக்காயை எடுத்து என் கையில் திணித்தாய்.

"வாயில போட்டு ஒதுக்கி வையி மாப்ள. மெல்லாத. தூரத்துல மலையப் பாரு."

பார்த்தேன். வயிறு அடங்கியது. அன்றிலிருந்து நான் பஸ் ஏறினாலே நீ என் பையில் ஏலக்காய் போடுவாய். கேட்டுக்கொண்டு போட மாட்டாய். திருச்சிக்குப் பரீட்சைத் தாள் திருத்தப் போனபோதுகூட, விடைத்தாள் கட்டை அவிழ்க்கையில் என் கைக்குட்டையிலிருந்து உருண்டு விழுந்தது.

நான் கல்லூரியில் புவியியல் நடத்தினேன். கடலை ராமேஸ்வரத்தில் மட்டும் பார்த்தவன், கரும்பலகையின் அடியில் சாக்பீஸைப் படுக்கப் போட்டு ஒரு வெள்ளைக் கண்டத்தை இழுத்து, "இதுதான் தென்துருவம்" என்பேன். எனக்குக் கீழே சேர்ந்தவன் துறைத் தலைவரானான். அவன் கருத்தரங்கு என்று சொல்லி நாடு நாடாகப் போய்வந்து, ஓய்வறையில் படம் காட்டுவான். நான் டீயை ஆற்றிக்கொண்டு சுவரைப் பார்ப்பேன். இதையெல்லாம் உன் ஏலக்காய்க் கடைக்கு வந்து உன்னிடம்தான் கொட்டுவேன். நீ மூட்டைக்குள் கையை விட்டுக் காய் பார்த்துக்கொண்டே கேட்பாய். "பொலம்பாத மாப்ள. உன்னய நெசமாவே அங்கன கொண்டுபோயி நிறுத்துறேன் பாரு" என்பாய். வியாபாரி வாய் என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டாயிரத்து எட்டில் கொண்டுபோனாய். உன் அக்கா மகன் ஒரு பயணக் கப்பலில் சமையல்காரனாக இருந்தான். பனிக்கடலுக்குள் போய் ஆளில்லாத கரைகளைக் காட்டிவிட்டு வருகிற கப்பல். சீசன் முடிகிற நேரத்தில் வேலையாட்களின் சொந்தக்காரர்களுக்கு என்று ஒதுக்கிய அறை ஒன்றை அவன் வாங்கிக் கொடுத்தான். உன் மனைவி குளிருக்குப் பயந்து வரமாட்டேன் என்றதும், அந்த இடத்தில் என் பெயரைப் போட்டாய். உன் சொந்தத்தில் எத்தனை பேருக்கு அது பொறுக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

தென் அமெரிக்காவின் கடைசித் துறைமுகத்தை விட்டதும் கடல் நம்மைப் புளியமரத்தைப் போல உலுக்கியது. வெள்ளைக்காரர்கள் எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார்கள். நான் உன் ஏலக்காயை ஒதுக்கிக்கொண்டு ஜன்னலோரம் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். நீதான் வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்தாய்.

"என்னடா மாப்ள, சரக்கு உனக்கே வேலை செய்யலையா?" என்றேன்.

"யாவாரிக்கு அவன் சரக்கு கேக்காதுப்பா" என்று முனகினாய்.

பிறகு கடல் எண்ணெய் ஊற்றியது போல அடங்கியது. முதல் பனிமலை காலையில் வந்தது. வெள்ளை என்று வகுப்பில் பொய் சொல்லியிருக்கிறேன். அது நீலம், சொட்டு நீலத்தில் முக்கி எடுத்த வேட்டியின் மடிப்புக்குள் தெரியுமே, அந்த நீலம். இறங்கிய தீவுகளில் பென்குவின்கள் நம்மை மதிக்காமல் குறுக்கே நடந்தன. நாற்றம் தாங்காமல் நீ மூக்கைப் பொத்திக்கொண்டு, "கோம்பைக் கோழிப்பண்ணைக்கு இம்புட்டுத் தூரம் வரணுமா?" என்றாய். ஆனால் தீவுகளைத் தாண்டினால் அந்தக் காற்றில் எந்த வாசமும் இல்லை. மண் வாசம் இல்லை, இலை வாசம் இல்லை. தூரத்தில் எங்கோ பனி முறிந்து விழும் சத்தம், அப்புறம் மறுபடி ஒன்றுமில்லை.

தீவுகள் வேறு, கண்டம் வேறு. கண்டத்தின் தரையில் ஒரே ஒரு இடத்தில்தான் இறங்குவோம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அதற்காகத்தான் நான் வந்தேன். அந்தக் காலை நான் சவரம் செய்துகொண்டேன், ஞாபகம் இருக்கிறதா? "பொண்ணு பாக்கப் போறியா?" என்று கேலி செய்தாய்.

இறங்கும் வாசலில் ஒவ்வொரு தடவையும் சோதனை உண்டு. வெளியூர் விதை ஒன்றுகூட அந்த மண்ணில் விழக்கூடாது என்று பூட்ஸைக் கழுவி, பைகளை உறிஞ்சும் குழாயால் துழாவுவார்கள். அன்று என் கோட்டுப் பைக்குள் குழாயை விட்ட பெண் நிறுத்திவிட்டாள். உள்ளே ஏலக்காய். நசுங்கி வெடித்து, நீ அரிசி என்கிற அந்தக் கறுப்பு விதை தையலெல்லாம் ஒட்டிக்கிடந்தது. சின்னப் படகு ஆடுமே என்று முந்தின ராத்திரி நீ போட்டு வைத்திருக்கிறாய். வழக்கம்போல என்னிடம் சொல்லாமல்.

"இது வெதை இல்லம்மா, சரக்கு! ஸ்டோர்ல தீ வச்சு வாட்டுனது. இது எப்படி மொளைக்கும்?" என்று தமிழிலேயே அவளிடம் வாதாடினாய். உனக்கு அது நிஜம். காய் தோட்டத்தை விட்டு உலர்த்துகிற ஸ்டோருக்குள் போய்விட்டால் உன் கணக்கில் அது செடியின் பிள்ளை இல்லை, மூட்டை. அவள் சிரிக்கவில்லை. என்னைச் சுத்தம் செய்து அடுத்த படகில் அனுப்புவதாகச் சொன்னாள். நம் படகு புறப்பட்டது. நீ ஏறிக்கொண்டாய். ஒரு தடவை திரும்பிப் பார்த்தாய்.

தையலில் இருந்த அரிசியைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்கின் கீழ் ஒவ்வொன்றாக எடுத்து முடிப்பதற்குள் மலையிலிருந்து காற்று இறங்கிவிட்டது. அடுத்த படகு இல்லை என்றார்கள். இறங்கியவர்களையும் திருப்பிக் கூட்டிவந்து கப்பலைத் திருப்பினார்கள். நான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெகுநேரம் கழித்து நீ வந்தாய்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

"ஒண்ணுமில்ல மாப்ள. வெறும் பனிதான். உனக்கு ஒண்ணும் கொறைஞ்சு போகல."

அந்த வாக்கியத்தைத்தான் நான் ஊருக்குக் கொண்டுவந்தேன். என் ஆயுள் முழுக்கச் சாக்பீஸால் கோடிழுத்த இடத்தில் நீ கால் வைத்துவிட்டு, வெறும் பனி என்றாய். உன் கடை வழியாகப் போவதை நிறுத்தினேன். நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றி அனுப்பினாய். அப்படியே திருப்பி அனுப்பினேன். இந்த வருஷம் தையில் நீ கடையிலேயே சாய்ந்துவிட்டாய் என்று செய்தி வந்தது. பள்ளிவாசல் கபரஸ்தானில் கடைசி ஆளாக நின்று மூன்று பிடி மண் போட்டேன். மூன்றாவது பிடியிலும் கோபம் இருந்தது.

உன் அக்கா மகன் ஆடியில் லீவுக்கு வந்தான். பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"சார், மாமா அன்னைக்கு எறங்கவே இல்லையே, உங்களுக்குத் தெரியாதா? படகு கரையில முட்டி நின்னுச்சாம். எல்லாரும் எறங்குனாகளாம். மாமா மட்டும் உக்காந்துக்கிட்டு, 'மை ஃப்ரெண்ட், மை ஃப்ரெண்ட்'னு கப்பலையே காமிச்சாகளாம். உங்களக் கூட்டிட்டுப் போகத்தான் அதே படகுல திரும்பி வந்தாக. அதுக்குள்ள காத்து எடுத்துருச்சு. அப்புறம் எங்க அடுப்படியில வந்து ரொம்ப நேரம் உக்காந்திருந்தாக."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நானும் கேட்டேன் சார். 'அவனால எனக்கும் போச்சுன்னு தெரிஞ்சா ஒடைஞ்சு போவான். என்னைய வஞ்சுக்கிட்டு இருக்கட்டும். அதுதான் அவனுக்குச் சேரும்'னாக."

வெறும் பனிதான் என்று நீ சொன்னதற்கு அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. நான் பார்த்ததற்கு மேல் நீ ஒன்றும் பார்த்திருக்கவில்லை.

இதற்காக நான் உன்னை மன்னித்துவிட்டதாக எண்ணிக்கொள்ளாதே. என்னிடம் கேட்காமல் ஏலக்காய் போட்டாய். என்னிடம் கேட்காமலே கோபத்தையும் போட்டுவிட்டுப் போனாய். நான் எதைத் தாங்குவேன், எதைத் தாங்கமாட்டேன் என்று முடிவு செய்ய நீ யார்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கஞ்சியைக் குடித்திருப்பேனே.

துறைத் தலைவன் இப்போதும் படம் காட்டுகிறான். போன வாரம் அவன், "சார், அண்டார்டிகா எப்படி இருந்துச்சுன்னு நீங்க சொல்லவே இல்லையே" என்று சீண்டினான். "ஏலக்காய் வாசம் அடிக்கும்" என்றேன். கிண்டல் என்று நினைத்துக்கொண்டான். உண்மை அதுதான். வாசமே இல்லாத அந்த இடத்திலிருந்து எனக்கு மிஞ்சியது உன் சரக்கின் வாசம்.

கோட்டை யாருக்கும் கொடுக்கப் போவதில்லை. அதை எடுத்துத் திரும்ப மடிக்கும்போது, அந்தப் பெண்ணின் விளக்குக்கும் தப்பிய ஒரு அரிசி உள் தையலில் விரலுக்கு அகப்பட்டது. அதை அங்கேயே விட்டிருக்கிறேன்.

இதை உன் கடை விலாசத்துக்குத்தான் அனுப்புகிறேன். கல்லாவில் இப்போது உன் மகன் இருக்கிறான். முதல் ஜீப் கதையைப் படிக்கும்போதே யார் எழுதியது என்று கண்டுபிடித்துவிடுவான். இருந்தாலும் அடியில் பெயர் போட மாட்டேன். நீ எதைச் செய்துவிட்டு அடியில் பெயர் போட்டாய்? ஒரு கடன் அப்படித்தான் கழியட்டும். தபால் பெட்டி தெருமுனையில். மூன்று மணிக்கு எடுப்பார்கள். கையெழுத்தில்லாமலே போட்டுவிட்டு வருகிறேன், மாப்ள.