சொல்லாவிட்டால் நார்மல்

மார்ச் பதினான்கு, வெள்ளிக்கிழமை, காலை ஆறு நாற்பது. ரேக்கில் இருபத்து மூன்று சாம்பிள்கள். இருபத்து நான்காவதாக ஒரு சிறுநீர் டப்பா என் கையில் இருக்கிறது. என்னுடையதுதான். மேலே இன்னும் பெயர் எழுதவில்லை.

அதை வைக்க இடம் தேடும்போதுதான் மேசைக்கு அடியில் உன் நீல ஐஸ் பெட்டியைப் பார்த்தேன். நீ போய் ஏழு மாதம் ஆகிறது, யாரும் அதைத் தூக்கிப் போடவில்லை. ஒரு பக்கம் மட்டும் வெளுத்துச் சாம்பலாகியிருக்கிறது. ஸ்கூட்டரில் எப்போதும் அந்தப் பக்கம் வெளியே தெரியத்தான் கட்டுவாய். பெட்டிக்கே அவ்வளவு வெயில். எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, பொறாமை. உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

இருவரும் ஒரே வருடம் டிப்ளமோ முடித்து, ஒரே மாதம் இந்த முதலியார்பேட்டை லேபில் சேர்ந்தோம். மெஷின் எனக்கு, ரோடு உனக்கு. விடிந்தால் மூலக்குளம், அங்கிருந்து சேதராப்பட்டு வரை வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவாய். நான் ஏசி அறையில் உட்கார்ந்து அதை மெஷினில் ஓட்டிப் பார்ப்பேன். ரிசல்ட் நான் கொடுப்பது. நன்றி உனக்குப் போகும். "அந்தத் தம்பி குத்துனா எறும்பு கடிச்ச மாதிரி கூட இருக்காதுங்க" என்று போனில் சொல்வார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற அந்த அம்மாள், ஊருக்கே மதாம், ஒரு நாள் உனக்குப் பதில் நான் போனபோது கையையே நீட்டவில்லை.

"அவர் வரலியா?"

"இன்னிக்கு லீவு மதாம்."

"அப்போ நாளைக்கு எடுத்துக்கலாம். மெர்சி."

உனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே சர்க்கரை, இன்சுலின். எனக்கு இருபத்தேழு வயதில் வந்தது. "வா மச்சான், நம்ம கட்சில சேந்துட்ட" என்றாய்.

அந்த வருடம்தான் காலாவதியாக இரண்டு நாள் இருந்த வைட்டமின் டி கிட்டில் நம் இரண்டு பேர் ரத்தத்தையும் ஓட்டினேன். முப்பதைத் தாண்டினால் நல்லது. உனக்கு முப்பத்தெட்டு. எனக்குப் பதினொன்று.

"மெஷின் பக்கத்துலயே உக்காந்து மக்கிப் போயிட்டடா. வெயில் எல்லாருக்கும் பொதுதான், வந்து நில்லு."

"ரோட்ல சுத்துறதுக்கு ஒரு மார்க்கா?"

"பொறாம. டி நல்லா இருந்தா சுகர்காரனுக்குக் கிட்னி கெடாதாம், போற எடத்துல எல்லாம் சொல்றாங்க. நீ பாத்து இரு."

அது அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். சர்க்கரைக்காரர்களில் டி குறைவும் சிறுநீரகக் கோளாறும் அடிக்கடி சேர்ந்தே வருகின்றன. எது எதை இழுக்கிறது என்பதில் இன்னும் வாதம் ஓடுகிறது. நாம் அளப்பது பாதி வேலை முடிந்த டி. அதை உடம்புக்கு ஆகிற மாதிரி மாற்றுவது பெரும்பாலும் சிறுநீரகம். அதனால் முப்பத்தெட்டு என்பது சிறுநீரகத்துக்குக் கொடுத்த சான்றிதழ் ஆகாது. இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்கும். நான் சொல்லவில்லை. நீ ஜெயித்த கடுப்பு.

மறுநாள் காலை உன் சிறுநீர் டப்பாவை என் மேசையில் வைத்தாய். "இத்தன வருஷத்துல ஆல்புமின் ஒரு தடவ கூட பாத்ததில்ல மச்சான். பாத்துடு." சர்க்கரையால் சிறுநீரகம் கெட ஆரம்பித்தால் அந்தப் புரதம் ஒழுகுவதுதான் முதல் அடையாளம், அதுவும் எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் மதாமின் போன், உன்னை மட்டும்தான் அனுப்ப வேண்டுமாம். முப்பத்தெட்டு வைத்திருக்கிறவனுக்கு இது எதற்கு என்று நினைத்தேன். சாயந்திரம் உன் டப்பாவைக் குப்பைச் சாம்பிள்களோடு சேர்த்துக் கொட்டிவிட்டேன். ஓட்டாமலே.

நம் லேபில் ஊழியர் சாம்பிளுக்கு ரிப்போர்ட் அடிப்பதில்லை. தப்பாக இருந்தால் ஓட்டியவன் வாயால் சொல்வான். சொல்லாவிட்டால் நார்மல். மறுநாள் நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் குனிந்து பிப்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "அப்ப சரி" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய். டாக்டர் கேட்டபோதும் "எங்க லேப்லயே பாத்துட்டேன், நல்லா இருக்கு" என்று சொல்லியிருக்கிறாய். உன் அக்கா பிறகு சொன்னார்.

இரண்டு வருடம் கழித்து, கால் வீங்கிச் செருப்பு வார் பதிகிறது என்று வந்தாய். உன் கிரியேட்டினினை நான்தான் ஓட்டினேன். சிறுநீரகம் நன்றாக இருந்தால் ஒன்றை ஒட்டி நிற்க வேண்டியது. அன்றைக்குச் சொன்னேன், ஏழு என்று.

"போன தடவ நல்லாத்தானேடா இருந்துச்சு?"

நான் மெஷினைப் பார்த்தேன்.

அந்த டப்பாவை ஓட்டியிருந்தால் நீ பிழைத்திருப்பாயா, தெரியாது. ஒழுகுவது முன்கூட்டியே தெரிந்தால் மருந்து உண்டு, வேகத்தைக் குறைக்கலாம். அந்த வாய்ப்பை எடுத்துக்கொண்டது நான். டயாலிசிஸ் நாற்காலியில் நீ கிடந்த ஒரு நாளிலும் இதை நான் சொல்லவில்லை.

உன் அடக்கத்துக்கு உன் ரூட்டில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். மதாம் தடியை ஊன்றிக்கொண்டு வெயிலில் நின்றார். எனக்கென்றால் இதில் எத்தனை பேர் வருவார்கள் என்று மண் போடும்போதே எண்ணினேன். அப்படித்தான் நான்.

இப்போது வாரம் ஒரு மாத்திரை போட்டு என் டி முப்பத்து நான்கு. இன்னும் உன்னைவிட நாலு கம்மி. ஆல்புமின் மட்டும் பார்க்கவில்லை. சர்க்கரை வந்து ஆறு வருடம். இதற்கு முன் இரண்டு தடவை டப்பாவைக் கொண்டுவந்து நானே கொட்டினேன். கெட்டிருந்தால் பயம். நார்மல் வந்தாலும் பயம்தான், அது உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது மாதிரி இருக்கும்.

ஆறு ஐம்பத்தைந்து. இனி செய்யப்போவது:

1. டப்பாவில் என் முழுப்பெயரை எழுதுகிறேன். இன்றைக்கே ஓட்டுகிறேன்.

2. எது வந்தாலும் அச்சடித்து டாக்டரிடம் கொண்டுபோவேன்.

3. ஊழியர் சாம்பிளுக்கும் இனி ரிப்போர்ட். "சொல்லாவிட்டால் ஓட்டவில்லை என்று அர்த்தம்" என்று எழுதி மெஷினுக்கு மேலே ஒட்டுவேன். முதலாளி கிழித்தால் மறுபடி ஒட்டுவேன்.

4. ஞாயிறு பூசை முடிந்து உன் அக்கா வீடு திரும்புவதற்கு முன் அவர் வாசலில் நிற்பேன். கொட்டியது நான் என்று சொல்வேன். அவர் அடித்தால் அடிக்கட்டும்.

5. திங்கள் மதாம் வீட்டுக்கு நானே போகிறேன், உன் பெட்டியோடு, வெளுத்த பக்கம் வெளியே தெரிய. உன்னைப் பற்றித்தான் பேசுவார். கையை நீட்டும்வரை கேட்டுக்கொண்டு நிற்பேன்.