பச்சை வண்டியின் இடப்பக்கம்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். தஞ்சோங் கிளிங் முழுக்க உப்புக் காற்று. பச்சை வண்டியை வெளியே எடுக்கவில்லை. போர்வையை நீக்கித் துடைத்து, மறுபடி போர்த்தினேன்.

பார்த்தவை:
– வலது கதவின் கீழ் விளிம்பு. துணி சுற்றிய காந்தம் நன்றாக ஒட்டுகிறது, உள்ளே இரும்பு அரிக்கவில்லை. பழுதில்லை.
– பின்சக்கர வளைவு. கடுகளவு துரு. தேய்த்துப் பெயிண்ட் வைத்தேன்.
– டிக்கி. ஈரமில்லை.
– கண் கிளினிக். போன் செய்யவில்லை. நாளை.

என் மனைவி விமலா வாசலில் நின்று பார்த்தாள். "அந்தக் காந்தத்தக் கொஞ்சம் குடுங்க. தையல் மெஷின்கிட்ட ஊசி விழுந்துருச்சு."

கொடுத்தேன். ஊசி கிடைத்தது. காந்தம் திரும்பி வரவில்லை.

இந்தக் கார் வந்து முப்பத்தொன்பது வருடமாகிறது. வெளிநாடு போன ஒரு பல் டாக்டரிடம் வாங்கியது. அப்போது நான் நில அளவை ஆபீசில் படம் வரைபவன், வயது இருபத்தாறு. இரண்டே சீட், துணிக்கூரை. அம்மா வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டது: "பிள்ள குட்டி பொறந்தா எங்க வைக்கிறது, டிக்கியிலயா?"

பிள்ளைகள் பிறந்தார்கள். வேறு கார்கள் வந்தன, போயின. இது மட்டும் நின்றுவிட்டது.

நவம்பர் 5, புதன்

வெயில் பத்து மணி வரை. பிறகு மூடிக்கொண்டது.

செல்வத்தின் பட்டறைக்கு நடந்தே போனேன். எங்கள் சின்ன கார் அங்கேதான் கிடக்கிறது. கியர் பாக்ஸ் சாமான் அடுத்த வாரம்தான் வருமாம்.

"ஞாயித்துக்கிழமை சிம்பாங் அம்பாட் போவணும்பா. மச்சான் பேத்திக்குக் காதுகுத்து."

"பச்சை வண்டி இருக்குல்ல, அண்ணே?"

"மழை வருமே."

"மழையில கரையிறதுக்கு அது என்ன சீனியா? ஓட்டுங்கலா."

அவனுக்கென்ன. துரு பிடித்தால் வெட்டி ஒட்டுபவன்.

திரும்பும்போது மழை. கடைத்தெரு முனையில் சாலையைக் கடக்கையில் ஒரு மோட்டார் சைக்கிள் முழங்காலை உரசிக்கொண்டு போனது. விளக்குப் போட்டுத்தான் வந்திருக்கிறான். எனக்குத் தெரிந்தது ஒரு வெள்ளைப் புகை மட்டும். அவன் திட்டியது சரிதான்.

வி.யிடம் சொல்லவில்லை.

கண்புரை என்று மார்ச் மாதமே சொன்னார்கள். இரண்டு கண்ணிலும். ஆபரேஷன் தேதியை மூன்று தடவை தள்ளி வைத்திருக்கிறேன். ஆபரேஷனுக்குப் பயமில்லை. அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார்கள். கார் ஓட்டுகிறீர்களா?

நவம்பர் 6, வியாழன்

நாள் முழுக்க மழை. வாங்க வேண்டியது: மெழுகு, துருவுக்குப் போடும் சிவப்புப் பெயிண்ட், வி.க்கு வெற்றிலை.

கல்யாணமான மூன்றாவது வாரம் ஞாபகம் வந்தது. மலாக்கா டவுனிலிருந்து இதே கடற்கரைச் சாலையில் வந்தோம். கூரையை மடக்கி வைத்திருந்தேன். அவள் கனகாம்பர நிறச் சேலை. பாதி வழியில் ஓவென்று மழை. கூரையை இழுத்தால் வரவில்லை, கம்பி சிக்கிக்கொண்டது. அவள் ஒரு செய்தித்தாளை விரித்து என் தலைக்கு மேலே பிடித்தாள். தன் தலைக்கு அல்ல. "உங்களுக்கு ரோடு தெரியணும்ல" என்று சிரித்தாள். கடலிலும் மழை, காருக்குள்ளும் மழை. அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்பு நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் துணி எடுத்துக்கொண்டு ஓடி வண்டியைத்தான் துடைத்தேன். கதவிடுக்கு, சீட்டுக்கு அடி, எல்லாம். ஒரு மணி நேரம். அவள் ஈரச் சேலையோடு போர்ச்சில் நின்றிருந்தாள். வீட்டுச் சாவி என் பாக்கெட்டில் இருந்தது.

அன்றிலிருந்து மழையில் வண்டியை எடுப்பதில்லை. மாட்டிக்கொண்டால் ஒழிய.

அதற்குப் பிறகு அவள் அதில் ஆசையாக ஏறியதாக ஞாபகமில்லை. கூப்பிட்டால் வருவாள். காலை மடக்கி ஒடுங்கி உட்கார்ந்திருப்பாள். பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் 8, சனி

புழுக்கம். எறும்பு சாரை சாரையாக முட்டை தூக்கிப் போகிறது.

"வாடகைக் கார் எடுத்துக்குவோம்," என்றேன்.

வி. சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "வீட்டுல ஒண்ணு போர்வை போத்திக்கிட்டுத் தூங்குது. அத எழுப்புங்க."

"மழை பிடிச்சா?"

"பிடிச்சா நனைவோம்லா."

டயரில் காற்றழுத்தம் பார்த்தேன். எண்ணெய் பார்த்தேன். வைப்பர் ரப்பர் புதிது. எனக்குத்தான் புதிதாக ஒன்றும் மாட்ட முடியவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும்.

காலை எட்டுக்குக் கிளம்பினோம். மஸ்ஜிட் தானா ஊர் வரை ஈரச் சாலைதான், மழை இல்லை. இஞ்சின் சத்தம் நன்றாக இருந்தது. ஊரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள். ஒவ்வொன்றும் ஒரு வாளி சேற்றுத் தண்ணீரைக் கண்ணாடியில் அடித்துவிட்டுப் போனது. வண்டியின் அடியில் தண்ணீர் எங்கெல்லாம் புகும் என்று மனசு கணக்குப் போட்டது. விளக்குகள் எல்லாம் பஞ்சுப் பஞ்சாக விரிந்தன. வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். பிறகு கோடும் இல்லை.

"என்னங்க. பிரேக்."

வி. கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். மிதித்தேன். பின்பக்கம் வழுக்கி ஒரு ஆட்டம் ஆடி நின்றது. முன்னால் ஒரு கிழவர், குடை பிடித்தபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. ஒரு கை தூரம். திரும்பிப் பார்த்தார், கையைத் தூக்கினார், தள்ளிக்கொண்டே போய்விட்டார்.

நான் அவரைப் பார்க்கவே இல்லை. அவள் சொன்ன பிறகும் பார்க்கவில்லை. நின்ற பிறகுதான் பார்த்தேன்.

மூடிக் கிடந்த ஒரு பழக்கடை ஓரமாக ஒதுக்கினேன். ஸ்டியரிங்கை விடவில்லை.

"எனக்குக் கண்ணு தெரியல, விமலா."

"தெரியும். மார்க்கெட்டுல விலைச் சீட்டப் படிக்கச் சொன்னா எங்கிட்டயே நீட்டுறீங்க."

"ஏன் கேக்கல?"

"நீங்களாச் சொல்வீங்கன்னு இருந்தேன். இன்னிக்குச் சொல்லலன்னா நானே கேட்டிருப்பேன்."

மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து இறங்கினேன். அவளும் இறங்கினாள். வண்டிக்கு முன்னால் இருவரும் நனைந்தபடி எதிரெதிராகக் கடந்தோம். அந்த வண்டியின் ஸ்டியரிங்கை அவள் தொட்டதே கிடையாது. நான் கொடுத்ததே கிடையாது.

செருப்பைக் கழற்றிப் போட்டாள். சேலையை முழங்கால் வரை ஏற்றினாள். சீட்டை முன்னுக்குத் தள்ளினாள். கியரை ஒரு தடவை அசைத்துப் பார்த்துவிட்டு எடுத்தாள். ஒரு குலுக்கல் இல்லை.

மறந்தே போயிருந்தேன். டுரியான் துங்காலில் பதினெட்டு வருடம் பாலர் பள்ளி வேன் ஓட்டியவள். எஸ்டேட் செம்மண் சாலை, மழை, பதினான்கு பிள்ளைகள்.

ஐந்து நிமிடம் போயிருக்கும். இடது காலில் சில்லென்று ஏதோ. கீழே கைவிட்டேன். விரிப்பு தொப்பலாக ஊறியிருந்தது. தூக்கினேன். அடியிலிருந்த கறுப்புத் தார்ப்பூச்சு கையோடு பிய்ந்து வந்தது. உள்ளங்கை அகல ஓட்டை. அதன் வழியாகச் சாலை ஓடுவது தெரிந்தது. இரும்பு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

"இங்க ஓட்டை இருக்கு."

"ஆமா."

"எப்பத்திலேர்ந்து?"

"சின்னவ ஸ்கூல் முடிச்ச வருசத்திலேர்ந்து. அப்ப அம்பது காசு அளவு. கால மடக்கி வச்சுக்குவேன்."

"எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"சொன்னா பிரிச்சுப் போட்ருவீங்க. ஒரு வருசமோ ரெண்டு வருசமோ. மாசத்துக்கு ஒரு தடவ இதுல போறதுதான் எனக்குன்னு இருந்துச்சு. அதுவும் போயிரும்."

சாலையைப் பார்த்தபடிதான் சொன்னாள். காலை மடக்கி வைத்துக்கொண்டேன். அவள் உட்காரும் மாதிரியே.

காதுகுத்துக்கு இருபது நிமிடம் தாமதம். மச்சான் குடையோடு ஓடி வந்தவர், வி. டிரைவர் பக்கத்திலிருந்து இறங்குவதைப் பார்த்து நின்றுவிட்டார். குழந்தை ஒரு காதுக்கு அழுதது, மறு காதுக்கு அழவில்லை. சாப்பாடு பிரமாதம். திரும்பும்போதும் வி.தான் ஓட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தேன், டீ போட்டேன். வண்டி ஈரத்தோடு நிற்கிறது. நிற்கட்டும்.

நவம்பர் 10, திங்கள்

காலையில் வெயில். கண் கிளினிக்குக்கு நானே போன் செய்தேன். 20ஆம் தேதி, வலது கண். "கார் ஓட்டுறீங்களா, அங்கிள்?" என்றாள் அந்தப் பெண். இல்லை என்றேன். சொல்லிவிட்டேன்.

செல்வம் வந்து படுத்துப் பார்த்தான். "தரையை வெட்டிப் புதுத் தகடு வைக்கணும், அண்ணே. மூணு மாசம் வண்டி எங்கிட்ட நிக்கணும்."

"அவளைக் கேளு," என்றேன்.

வி. கை துடைத்துக்கொண்டு வந்தாள். "மொதல்ல அவரு கண்ணு. தைப்பூசம் முடியட்டும், தரேன். இப்பத்திக்கு ஒரு பலகை போட்டுக் குடு, தம்பி. கால் வச்சுக்கிற அளவுக்கு."

பலகை போட்டுக் கொடுத்தான். கொஞ்சம் ஆடுகிறது.

மணி ஐந்து. கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. வி.க்கு பசார் மாலாம், அந்த இரவுச் சந்தைக்குப் போக வேண்டுமாம், மீன் வாங்க. சாவி அவள் கையில். "வரீங்களா இல்லையா?" என்கிறாள். என் ரப்பர் செருப்பு எங்கே?