முன்னூறு குதிரை வண்டி

கரகந்தா
14 செப்டம்பர் 2009

மிராஸின் அப்பாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே குளிர் வருமுன்பே என் மூட்டு வலி வந்துவிட்டது, மற்றபடி குறையில்லை.

நாம் பிரிந்து ஒன்பது வருடம் கழித்து இதென்ன கடிதம், போன் இல்லையா என்று நினைப்பீர்கள். கடைசியாகப் போனில் பேசியது எப்படி முடிந்தது என்று உங்களுக்கே தெரியும். எழுதினால் கோபமாக வந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதலாம். அல்மாத்தி ரயிலில் ஒரு பெட்டிக்குப் பொறுப்பாக வேலை பார்க்கும் என் சிநேகிதி இதை ஸ்டேஷனில் உங்களிடம் தருவாள். பதிலையும் அவளிடமே கொடுங்கள்.

விஷயம் இதுதான். மிராஸ் கார் வாங்கப் போகிறானாம். சாதாரணக் கார் இல்லை. யாரோ ஓட்டி விற்கிற ஸ்போர்ட்ஸ் கார். "அம்மா, முன்னூறு குதிரை சக்தி!" என்று போனில் துள்ளுகிறான். "முன்னூறு குதிரையை உங்க தாத்தாவே மேய்ச்சதில்லடா, நீ எங்க கட்டி வைக்கப் போற?" என்று கேட்டேன். சிரித்தான். நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டு நேரே இதை எழுத உட்கார்ந்தேன்.

சுரங்கத்தில் விளக்கறை வேலை எனக்கு. இறங்குகிறவனுக்கு விளக்கு கொடுப்பேன், ஏறி வந்ததும் வாங்கிக் கொக்கியில் மாட்டுவேன். ஷிப்டு முடிந்தும் காலியாக இருக்கிற கொக்கியைப் பார்த்தவள் நான். எங்கே எது நடந்தாலும் எனக்கு அதுதான் முதலில் கண்ணில் நிற்கிறது.

நீங்கள் கெட்டிக்கார மெக்கானிக். அதில் நான் என்றைக்கும் குறை சொன்னதில்லை. பெண் பார்க்கப் போகிறவர்கள் விசாரிப்பதுபோல அந்த வண்டியின் குலம் கோத்திரம் எல்லாம் விசாரித்துச் சொல்லுங்கள். அவனைத் தனியாகப் போகவிடாதீர்கள்.

ரய்ஹான்


அல்மாத்தி
19 செப்டம்பர்

மிராஸின் அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ எண்ணெயில் பொரித்து அனுப்பிய பவுர்சாக் பொட்டலமும் கிடைத்தது. பையன் பங்குக்கு நான்கு மிச்சம் வைத்தேன், அதையே பெரிய விஷயமாக எடுத்துக்கொள்.

வண்டியைப் பார்த்துவிட்டேன். ஜப்பானிலிருந்து வந்த நீல வண்டி. விற்பவர் ஒரு பல் டாக்டர். காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். முதலில் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. சூடாக இருந்தால், ஆள் வருமுன் ஓட்டிப் பழுதை மறைத்துவிட்டான் என்று அர்த்தம். குளிர்ந்த இன்ஜின் பொய் சொல்லாது. ஒரே சாவியில் பிடித்தது. புகை இல்லை. டர்போ பூனைக்குட்டிபோல முனகியது. பெயின்ட் கனம் பார்க்கிற கருவியை மூலைக்கு மூலை வைத்தேன். எங்கும் ஒரே கனம், தட்டி நிமிர்த்திய இடமே இல்லை. கண்ணாடி மூலையில் அச்சடித்த வருடம் எல்லாம் வண்டி பிறந்த வருடம்தான். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன். விபத்தில் இறுகிய பெல்ட்டில் தழும்பு இருக்கும், இதில் இல்லை. கீழே படுத்தும் பார்த்தேன். பந்தயத்தில் அடித்து ஓட்டிய வண்டிக்கு அடிவயிறு கீறிக் கிடக்கும். இது குழந்தை வயிறு மாதிரி இருக்கிறது.

குறை சொல்ல ஒன்றும் இல்லை, ரய்ஹான். இந்தத் தொழிலில் இப்படி ஒரு வண்டியைப் பார்த்து எவ்வளவோ நாளாகிறது. ஒரு பழுது இருந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். இதற்கு என்ன சொல்வது? அவனுக்கு இருபத்திரண்டு வயது.

இரண்டு நாளில் சொல்கிறேன் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

மெய்ராம்


கரகந்தா
21 செப்டம்பர்

மிராஸின் அப்பாவுக்கு,

கெட்ட வண்டி என்று சொல்லிவிடுங்கள்.

பொய் என்று தெரிந்துதான் கேட்கிறேன். உங்களிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. பிரிந்தபோதுகூட என் தையல் மிஷினைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. இதைக் கேட்கிறேன்.

ரய்ஹான்


அல்மாத்தி
27 செப்டம்பர்

மிராஸின் அம்மாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

சேசிஸ் வளைந்திருக்கிறது, டர்போ ஒரு மாதம்கூடத் தாங்காது என்று வாயில் வந்ததை எல்லாம் அடுக்கினேன். எதிர்த்துப் பேசுவான் என்று பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவனோ, "சரிப்பா. நீங்க சொன்னா சரிதான். நல்லவேளை உங்களப் பாக்கச் சொன்னேன்" என்றான். அதோடு விடவில்லை. லக்மான் நூடுல்ஸ் கடைக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தான். பெரிய மனிதன்போல எனக்குத் தேநீர் ஊற்றினான். நான் தட்டைக் கிளறிக்கொண்டே இருந்தேன்.

அவன் என் பேச்சைக் கேட்டு நான் பார்த்தது இதுதான் முதல் முறை.

மெய்ராம்


கரகந்தா
1 அக்டோபர்

மிராஸின் அப்பாவுக்கு,

நீங்கள் செய்த உதவியை மறக்க மாட்டேன். இரண்டு வாரம் கழித்து நேற்றுத்தான் தூங்கினேன். கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கு ஒரு ஜோடி, அவனுக்கு ஒரு ஜோடி. பெரியது உங்களுடையது. மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பிள்ளை உயிரோடு இருந்தால் போதும்.

ரய்ஹான்


அல்மாத்தி
21 அக்டோபர், புதன்

ரய்ஹான்,

அவசரமாக எழுதுகிறேன். ரயில் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது.

அந்த நீல வண்டியை மிராஸின் ஆபீஸ் நண்பனே வாங்கிவிட்டான். வேறு பட்டறையில் காட்டியிருக்கிறான். அங்கே, "தங்கம்டா இது, யாருடா வேணாம்னு சொன்னது?" என்று கேட்டார்களாம். அது மிராஸ் காதுக்கு வந்துவிட்டது. என்னிடம் வந்து கேட்கவில்லை. நேரே ஊருக்கு வெளியே கார் சந்தைக்குப் போய், ரூஸ்லான் என்று எவனிடமோ ஒரு வெள்ளை வண்டியை வாங்கிக்கொண்டு என் பட்டறை வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தான்.

தூரத்திலிருந்தே எனக்குப் பட்டுவிட்டது. கதவுக்கும் உடம்புக்கும் நடுவே இடைவெளி மேலே ஒரு விரல், கீழே அரை விரல். முன் கண்ணாடி ஒரு வருடம், பின் கண்ணாடி வேறு வருடம். அவன் தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது பின்சீட்டுக் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெல்டிங். அதன்மேல் பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ரய்ஹான், அது ஒரு வண்டி இல்லை. நசுங்கிய இரண்டு வண்டிகளில் முன்பாதி ஒன்று, பின்பாதி ஒன்று. வேகத்தில் ஒரு குழியில் இறங்கினால் நடுவில் பிரியும்.

சொன்னேன். கையைப் பிடித்து இழுத்து அந்தக் கோட்டைக் காட்டினேன்.

"போன வண்டிக்கும் இப்படித்தானே கதை சொன்னீங்க?" என்றான்.

"அது நல்ல வண்டிடா. நான்தான் பொய் சொன்னேன்."

"அப்ப இது மட்டும் எப்படி நிஜமாச்சு? ரூஸ்லான் அண்ணன் சொன்னார், ஃபேக்டரியிலயே அங்க ஒரு ஜாயின்ட் உண்டாம். உங்களுக்கு நான் கார் வாங்கறதே பிடிக்கல. அத நேரா சொல்லுங்கப்பா!"

சாவியைப் பிடுங்கப் பார்த்தேன். தள்ளிவிட்டான். நான் டயர் அடுக்கின்மேல் விழுந்தேன். அடி ஒன்றுமில்லை. அவன் முகம்தான் வெளுத்துப்போயிற்று. அப்படியும் வண்டியில் ஏறிப் போய்விட்டான். போனை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு கப்சகாய் சாலையில் முழு வேகம் பார்க்கப் போகிறானாம். எவ்வளவு நேரான சாலை என்று உனக்குத் தெரியும். சாலையோரம் எத்தனை நினைவுக் கற்கள் என்றும் தெரியும்.

உன் பெயரை நான் எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன். ஆனால் நான் சொல்வது இனி அவன் காதில் ஏறாது. என்ன செய்வதென்று தெரியவில்லை.

மெய்ராம்


கரகந்தா
29 அக்டோபர்

மிராஸின் அப்பாவுக்கு,

அல்மாத்தியிலிருந்து நல்லபடியாக வந்து சேர்ந்தேன். வண்டியை ஏற்றிப்போக லாரியோடு நீங்கள் வந்தபோது, என்ன நடந்தது என்று கேட்டீர்கள். அவன் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் பார்த்ததும் ரயிலேறி, சனிக்கிழமை காலை அவன் குடியிருக்கும் வீட்டு வாசலில் போய் நின்றேன். "அம்மா!" என்று ஓடி வந்து கட்டிக்கொண்டான். பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னேன்: "உங்கப்பாவப் பொய் சொல்ல வெச்சது நான்தான்."

அவன் கைகள் தளர்ந்து கீழே விழுந்ததை இன்னும் என் தோளில் உணர்கிறேன். "ரெண்டு பேரும் சேர்ந்துதான் என்னை முட்டாளாக்கினீங்களா? ஒன்பது வருஷமா எதுக்குமே ஒண்ணு சேராதவங்க, இதுக்கு மட்டும் சேர்ந்தீங்களா?" என்று கேட்டான். அவன் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். நான் பின்னாலேயே ஓடி அவன் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

"இறங்குங்கம்மா."

"மாட்டேன்."

"சரி, அப்ப நாளைக்குப் போறத இன்னிக்கே போறேன். பயமா இருந்தா கண்ண மூடிக்கங்க."

கண்ணை மூடவில்லை. ஊரைத் தாண்டியதும் மிதித்தான். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் அவன் இன்னும் மிதிப்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்போது என் காலுக்குக் கீழே எங்கோ, தட்டு விரிசல் விடுகிற மாதிரி ஒரு சத்தம். அதன் பிறகு காற்றுச் சத்தம் மாறிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் என் பக்கத்துக் கதவின் மேல்விளிம்பில் வெளிச்சம் தெரிகிறது. கிளம்பும்போது அது இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோடு அகலமானது.

"மிராஸ்" என்று மட்டும் சொன்னேன். அவனும் பார்த்தான். என் பிள்ளையின் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. "பிரேக்க அழுத்தட்டுமா? அழுத்தினா பிஞ்சுருமாம்மா?" என்று என்னைக் கேட்கிறான். எனக்கு என்ன தெரியும்? "காலை மட்டும் எடுடா, அதுவா நிக்கட்டும்" என்றேன். நின்று தொலைக்க யுகமாயிற்று. பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே விலகிப் போயின. நின்றதும் அவன் ஸ்டியரிங்கை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். அந்தக் கையால்தான் உங்களுக்குப் போன் செய்தான்.

உங்களைத் தள்ளிவிட்டதை என்னிடம் சொல்லி அழுதான். உங்களிடம் சொல்ல மாட்டான். தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரய்ஹான்


அல்மாத்தி
11 ஏப்ரல் 2010

ரய்ஹானுக்கு,

குளிர்காலம் முழுவதும் பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். எழுத உட்காரும்போதெல்லாம் அந்தக் கதவு கண்முன் வந்துவிடும்.

ரூஸ்லானைத் தேடிப் போனோம். கடையே இல்லை. வெள்ளை வண்டியின் இன்ஜினும் சக்கரமும் நல்லவை, கழற்றி விற்றோம். உடம்பை அப்படியே வாங்கிக்கொள்ள ஒருவன் வந்தான். மீண்டும் பெயின்ட் அடித்து யார் தலையிலோ கட்டுவான் என்று தெரியும். மிராஸ் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கிரைண்டரை எடுத்தான். அந்த வெல்டிங் கோட்டின்மேலேயே அறுத்தான். பாதி அறுக்குமுன்பே மீதி தானாகப் பிரிந்துவிட்டது.

சாயந்திரங்களில் என் பட்டறைக்கு வருகிறான். நிறையப் பேசுவதில்லை. ஸ்பேனர் கேட்டால் கொடுப்பான்.

இப்போது வேறு ஒரு வண்டி பார்த்திருக்கிறான். பச்சை நிறம். இதுவும் வேக வண்டிதான். "அப்பா, நீங்க பார்த்துச் சொல்லுங்க. என்ன சொன்னாலும் கேக்கறேன்" என்றான். நேற்று முழுவதும் பார்த்தேன். கீழே படுத்து, மேலே ஏறி, ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார்த்தேன்.

நல்ல வண்டி, ரய்ஹான்.

அவனிடம் இன்னும் சொல்லவில்லை. நான் எதைச் சொன்னாலும் நம்புவான். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன சொல்லட்டும்?

மெய்ராம்


கரகந்தா
14 ஏப்ரல்

மெய்ராம்,

கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் பாலைப் பொங்கவிட்டேன். மூன்று முறை எழுதி மூன்று முறை கிழித்தேன். கிழித்ததில் என்ன எழுதியிருந்தேன் என்று கேட்காதீர்கள்.

நல்ல வண்டி என்றே சொல்லுங்கள்.

முதல் நாள் ஓட்டும்போது கூட உட்கார்ந்து போகாதீர்கள். பின்னால் வேறு வண்டியில் தொடர்ந்தும் போகாதீர்கள். உங்களை எனக்குத் தெரியும். தனியாகவே போய் வரட்டும். வாசலில் நிற்காமல் உள்ளே ஏதாவது வேலை பாருங்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது, மெய்ராம். இந்தப் பயம் போகப் போவதில்லை. ஆனாலும் சொல்லிவிடுங்கள்.

ரய்ஹான்