ஏழாவது நாற்காலி காலி

லாஸ் வேகாஸ்
வெள்ளி மாலை, மே 1979

என் செல்ல மகள் ரொவீனாவுக்கு,

அப்பா அவசரமாக எழுதுகிறேன். பயப்படாதே, கெட்ட செய்தி ஒன்றுமில்லை. எல்லாம் சந்தோஷச் செய்தி!

போக்கர் சீட்டாட்டப் போட்டியின் கடைசி மேஜைக்கு வந்துவிட்டேன் அம்மாடி! ஐம்பத்துநாலு பேரில் ஏழு பேர்தான் மிச்சம், அதில் உன் அப்பனும் ஒருத்தன். பத்தொன்பது வருஷம் டெக்சாஸில் ஒரு ஊர் விடாமல், லாட்ஜ் பின்னறையிலும் பெட்ரோல் பங்க் மாடியிலும் போக்கர் ஆடியே வயிறு வளர்த்தவனுக்கு இன்று கூட்டம் எழுந்து நின்று கைதட்டுகிறது!

எப்படி என்று கேள். க்ளெட்டஸ் ஞாபகமிருக்கிறானா? நம் வீட்டுக்கு வந்து சோபா முழுக்கக் கடலைத் தோலை இறைத்துவிட்டுப் போனானே, அவனேதான். கடைசிச் சீட்டும் விழுந்த பிறகு தன் பந்தயச் சில்லு மொத்தத்தையும் நடுவில் தள்ளிவிட்டு, "என்னடா ஹோமர், வேர்க்குதா? பேசாம சீட்டைக் கவுத்துட்டு வீட்டுக்குப் போ" என்று சிரித்தான். என்னிடம் இருந்தது வெறும் இரண்டு ஆறாம் நம்பர் சீட்டு. ஆனால் பயல் கடலையை மென்றுகொண்டே இருந்தான்! நிஜமாகவே நல்ல சீட்டு வந்தால் அவன் வாய் நின்றுவிடும். நானும் தள்ளினேன். அவனிடம் ஒரு மண்ணும் இல்லை. ஆள் அவுட்!

நாளை மதியம் பன்னிரண்டுக்குக் கடைசி ஆட்டம். நாளைதான் உன் கல்யாணமும். நீ எழுதிய மூன்று வரியும் எனக்கு மனப்பாடம். வருகிறேன் என்று சொல்லி ஏமாற்றாதே, சர்ச்சில் அப்பா இடத்தில் ரேமண்ட் மாமா என் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார் என்று எழுதியிருந்தாய். நியாயம்தான். நீ பள்ளிக்கூடத்தில் பட்டம் வாங்கிய அன்று நான் ஓக்லஹோமாவில் சீட்டும் கையுமாக இருந்தேன். ஆனால் இது வேறடி. இந்த மேஜைக்காக ஒரு ஆயுசு காத்திருந்தேன். மன்னித்துவிடு, என்னால்


சனி காலை, விமானத்தில்

மேலே எழுதியதைக் கிழித்துப்போடத்தான் நினைத்தேன். உன் அப்பன் எப்பேர்ப்பட்டவன் என்று நீயும் பார்க்க வேண்டாமா? அப்படியே விட்டுவிட்டேன்.

எழுதிக்கொண்டிருந்தபோது போட்டி நடத்துகிற அம்மாள் ஒரு தாளோடு வந்தாள். கடைசி மேஜையில் ஆடுபவர்களின் குடும்பத்துக்கு முன்வரிசையில் இடம் போடுவது வழக்கம். ஒரே மகள், நாளைக்குக் கல்யாணம், அதனால் வரமாட்டாள் என்று பெருமையாகச் சொன்னேன். "அட, வாழ்த்துக்கள் சார்! மாப்பிள்ளை பேர் என்ன?" என்று கேட்டாள்.

க்ளெட்டஸ் எப்போது மெல்லுவான், எப்போது நிறுத்துவான் என்று தெரியும். என் மகள் யாரைக் கட்டிக்கொள்கிறாள் என்று தெரியவில்லை! வெட்கமாகப் போய்விட்டது, ரொவீனா. இத்தனை வருஷத்தில் எந்தத் தோல்வியிலும் அப்படி வெட்கப்பட்டதில்லை.

நான் வராவிட்டால் என்ன ஆகும் என்று அவளிடமே கேட்டேன். ஆட்டம் யாருக்காகவும் நிற்காது என்றாள். என் காலி நாற்காலிக்கும் சீட்டு போட்டு உடனே எடுத்துவிடுவார்கள். முறை வரும்போதெல்லாம் கட்டாயப் பந்தயத்தை என் குவியலிலிருந்து எடுத்து நடுவில் வைப்பார்கள். குவியல் தீர்ந்தால் என் கதையும் முடிந்தது. எனக்குப் பதில் வேறு யாரும் ஆடக்கூடாது.

ஏர்போர்ட்டில் கொண்டுவந்து விட்டது யார் தெரியுமா? க்ளெட்டஸ்தான்! வழியெல்லாம் திட்டு. "லூசாடா நீ? என்னைத் தோக்கடிச்சிட்டுக் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போறியா? இதை நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல!" என்று கத்தினான். இறங்கும்போது தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தான். என் கோட்டில் மூன்று நாள் சிகரெட் நாற்றமாம்.


லப்பக், டெக்சாஸ், சர்ச் வாசல், மூன்றரை மணி

லாஸ் வேகாஸில் இப்போது மணி ஒன்றரை. இந்நேரம் என் சில்லுகளை அள்ளிக்கொண்டிருப்பார்கள். கடிகாரத்தைப் பத்து தடவை பார்த்துவிட்டேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் சிரிப்புச் சிரிப்பாக வருகிறது, கிறுக்கனைப் போல நின்றுகொண்டிருக்கிறேன்!

வாசல் பலகையில் மாப்பிள்ளை பெயரைப் பார்த்தேன். கார்ல்டன்! நாலு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நல்ல பெயர். ஜன்னல் வழியாக உன்னையும் ஒரு நொடி பார்த்துவிட்டேன். என் கண்ணே பட்டுவிடும் போலிருக்கிறது.

இந்தக் கடிதத்தை வெர்னா அத்தையிடம் கொடுத்தனுப்புகிறேன். என்னைப் பார்த்ததும் "இப்பத்தான் உனக்கு வழி தெரிஞ்சுதாண்ணா?" என்று முதுகில் நாலு போட்டுவிட்டு அழுதாள்.

ரேமண்ட் மாமாவை மாற்று என்று கேட்க வரவில்லை, தாயே. உனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர். உன் கையைப் பிடித்து நடக்கும் உரிமை அவருடையது. கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்துகொள்கிறேன், அதற்கு மட்டும் சம்மதம் கொடு. சரி என்று அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. வேண்டாம் என்று சொன்னாலும் கோபமில்லை. நான் போய்விட மாட்டேன். வெளியே காரோரம் நிற்பேன். மணி அடிக்கிற சத்தம் அங்கேயும் கேட்கும்.

நீயும் கார்ல்டனும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இந்தத் தடவை வந்துவிட்ட
உன் அப்பா