மூட்டை நிறைந்தால் கிளம்பும்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் எழுந்ததும் ஒரு வசவு. கடல் தாண்டி எங்கோ இருக்கும் பெண்மணி ஒருவர் என் இணையக் கடையில் ஆறு சிப்பிப் பட்டன்களைப் பார்த்து மயங்கிப் போயிருக்கிறார். தபால் செலவைப் பார்த்ததும் மயக்கம் தெளிந்துவிட்டது. "பட்டன் அழகு. ஆனால் அதை அனுப்ப நீங்கள் கேட்கும் காசுக்கு நான் ஒரு கோட்டே வாங்கிவிடுவேன்" என்று எழுதியிருக்கிறார்.

வாங்கிக்கொள்ளுங்கள் தாயே. அந்தக் கோட்டின் பட்டன் மூன்றாவது சலவையில் கழன்று உருளும்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி நான் பதில் எழுதவில்லை. "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று எழுதினேன். நான் எழுதுகிற பெரிய பொய்களெல்லாம் நன்றியில்தான் முடிகின்றன.

தையல் ஆலை மூடியபோது மற்றவர்கள் பழைய மிஷினுக்கும் மின்விசிறிக்கும் அடித்துக்கொண்டார்கள். நான் கிடங்கில் கிடந்த பட்டன் பெட்டிகளைக் கேட்டேன். சிரித்தார்கள். தர சோதனை மேசையில் உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்தவள் நான், எது நல்ல பட்டன் என்று எனக்குத் தெரியாதா? இப்போது மாடி அறை முழுக்கப் பட்டன். வாங்கவும் ஆள் இருக்கிறார்கள். ஆனால் எல்லாரும் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். தபால் நிலையத்தில் வெளிநாட்டுப் பார்சல் கட்டணத்தைக் கேட்டால் பட்டன் விலை கூனிக் குறுகிப் போகிறது.

மார்ச் 6, வியாழன்

விரைவு கூரியர் கம்பெனிக்குப் போன் செய்தேன். தேன் ஒழுகும் குரலில் ஒரு பெண். "மேம், உங்க பார்சல் மூணே நாள்ல போயிடும்." கட்டணம் எவ்வளவு என்றேன். சொன்னாள். பார்சல் மட்டுமா போகும், நானும் கூடவே போய்விட்டு வரலாமா என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்கக் கூடாது என்று பயிற்சி கொடுத்திருப்பார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

மாமியார் வீட்டில் மதியச் சாப்பாடு. இவருடைய, அதாவது என் கணவருடைய, தம்பியும் வந்திருந்தார். கடைத்தெருவில் கூரியர் கவுண்டர் வைத்திருக்கிறார். வாசல் பலகையில் உலக உருண்டையை வரைந்து பக்கத்தில் 'சர்வதேச சேவை' என்று எழுதிய நாளிலிருந்து இந்த நோட்டில் அவர் பெயர் சர்வதேசம். பாஸ்போர்ட் கிடையாது.

"எதுக்கு அண்ணி போஸ்ட் ஆபீஸ்ல போய்க் கொட்டி அழறீங்க? நம்ம லைன்ல குடுங்க. பாதி ரேட்டு."

"அதெப்படி தம்பி பாதி?"

"அது ஒரு சிஸ்டம் அண்ணி." கையால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். விஷயம் முழுவதும் அந்த வட்டத்துக்குள் அடங்கிவிட்டது போலும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "இல்லன்னா இந்தப் பட்டன் வியாபாரத்தையே ஏறக்கட்டிட்டு நம்ம கவுண்டர்ல வந்து உக்காருங்க. எனக்கும் நம்பிக்கையான ஆள் வேணும்" என்றார். மாமியார் முகம் மலர்ந்துவிட்டது. என் கணவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் தலையாட்டினார். நான் பார்க்கவில்லை என்று நினைப்பு.

ஆக, எல்லாரும் கூடிப் பேசி வைத்திருக்கிறார்கள். என் கடை படுத்தால் எனக்கு அந்த நாற்காலி. உலக உருண்டைக்குக் கீழே உட்கார்ந்து, "சார் போன்ல இருக்காரு, கொஞ்சம் வெயிட் பண்ணுங்க" என்று வருகிறவர்களிடம் சொல்ல வேண்டும். அதற்குப் பேசாமல் எல்லாப் பட்டனையும் விழுங்கிவிடலாம்.

மார்ச் 11, செவ்வாய்

கொடுத்துவிட்டேன். வேறு வழி இல்லை. பாதிக் கட்டணம் என்றால் பாதிக் கட்டணம்தான், என் ரோஷத்துக்காக வாங்குகிறவர்கள் கூடுதலாகவா கொடுப்பார்கள்? தபால் செலவைக் குறைத்துப் போட்டதும் ஆர்டர் கொட்டியது. எல்லாவற்றையும் கட்டி ஒரு பை நிறைய எடுத்துப் போனேன்.

அதில் ஒன்று மேடை நாடகங்களுக்கு உடை தைக்கும் ஒரு பெண்ணுக்கு. வில்லனின் நீளக் கோட்டுக்கு நாற்பது கறுப்புக் கண்ணாடிப் பட்டன்கள். ஏப்ரல் 17 முதல் காட்சி. சரியாக வந்து சேர்ந்தால் இந்த வருஷ நாடகங்கள் அத்தனைக்கும் என்னிடமே வாங்குவாளாம். அவள் ஒருத்தி போதும், கடை நிமிர்ந்துவிடும். சர்வதேசத்தின் நாற்காலியில் வேறு யாராவது உட்காரட்டும்.

பார்சல்களை வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு டிராக்கிங் நம்பர் கொடுத்தார். கோடு கோடாக ஸ்டிக்கர். பந்தாவுக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

மார்ச் 15, சனி

டிராக்கிங்கில் பார்த்தேன். 'தகவல் பெறப்பட்டது.'

மார்ச் 24, திங்கள்

'தகவல் பெறப்பட்டது.' பெற்ற தகவலை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள்? சீராட்டி வளர்க்கிறார்களா?

போன் செய்தேன். "ஆன் தி வே அண்ணி" என்றார். எந்த வழி என்று கேட்டேன். "வெளிநாட்டு வழி" என்றார். சரி, நான்தான் மடச்சி.

ஏப்ரல் 1, செவ்வாய்

வரவில்லை, வரவில்லை என்று நாலு பேர் புகார். சிப்பிப் பட்டன் பெண்மணியும் அதில் ஒருவர்; கட்டணம் குறைந்ததும் நம்பி வாங்கினார், பாவம். இணையச் சந்தைக்காரர்களிடமிருந்து எச்சரிக்கை வந்திருக்கிறது. இன்னும் இரண்டு புகார் வந்தால் கடையை மூடிவிடுவார்களாம். நாடகக்காரி ஒற்றை வரி எழுதியிருக்கிறாள்: "என் பட்டன்கள் எங்கே?"

எனக்குத் தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?

ஏப்ரல் 2, புதன்

எழுதியாக வேண்டும், இல்லையென்றால் யாரையாவது அடித்துவிடுவேன்.

சொல்லாமல் கொள்ளாமல் அவன் கவுண்டருக்குப் போனேன். (இன்று மட்டும் 'அவன்'. நாளை பார்க்கலாம்.) உள்ளே நாற்காலியில் சாய்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு மூட்டையின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தான். மூட்டையின் வாய் திறந்திருந்தது. உள்ளே என் கையெழுத்து. என் பார்சல்கள். மூன்று வாரமாக அவன் கால் பட்டுப் பட்டு மேலே இருந்த பெட்டி அமுங்கியே போயிருந்தது.

"இது என்ன தம்பி?"

அவன் பதறவே இல்லை, அதுதான் அதிசயம். "மூட்டை இன்னும் நெறையல அண்ணி. எடை சேர்ந்தாத்தான் பெரிய கம்பெனியில அந்த ரேட்டு குடுப்பாங்க. நெறைஞ்சதும் கெளம்பிடும்."

"எப்ப நெறையும்?"

"உங்க சரக்குல எடையே இல்லையே. நீங்க கொஞ்சம் கனமா ஏதாவது வித்திருந்தா எப்பவோ போய்ச் சேர்ந்திருக்கும்."

ஓ. தப்பு என்னுடையது. நான் அம்மிக்கல் விற்றிருக்க வேண்டும்.

"அப்ப அந்த டிராக்கிங் நம்பர்?"

"அது நெஜ நம்பர்தான் அண்ணி. இன்னும் ஆரம்பிக்கல, அவ்வளவுதான்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள், அவர்களுடைய பார்சலும் அதே மூட்டையில்தான். அவர்கள் காதிலும் விழட்டும் என்றே கேட்டேன். என் பார்சல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இவரிடம் சொன்னேன். "அவன் வேணும்னு பண்ணியிருக்க மாட்டான்" என்றார். வேணும்னு பண்ணியிருந்தா மரியாதையாவது குடுத்திருப்பேனே!

ஏப்ரல் 3, வியாழன்

தபால் நிலையம். கவுண்டரில் ஒரு பெண், என் வயது இருக்கும், முகத்தில் என்னைவிட அதிகச் சலிப்பு. பக்கத்தில் ஒரு பலகை, அதன் நடுவே நீளமாக ஒரு பிளவு. அந்தப் பிளவுக்குள் நுழைந்தால் அது கடிதம். நுழையாவிட்டால் பார்சல். கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

என் முதல் டப்பாவை எடுத்துப் பிளவின் மேல் வைத்தாள். "பார்சல்." அடுத்தது. "பார்சல்." அதற்கடுத்தது. "உள்ள என்னம்மா இருக்கு, இவ்வளவு குண்டா?"

"பட்டன்."

"பட்டனா?" நான் மற்றவர்களைப் பார்க்கிற அதே பார்வை. எனக்குத் திரும்பிக் கிடைத்தது இதுதான் முதல் தடவை. பிடிக்கவில்லை.

சுவர் ஓரப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டப்பாவைப் பிரித்தேன். பட்டன் ஒவ்வொன்றுக்கும் மூன்று சுற்று காற்றுக்குமிழ் பபிள் தாள். அதன்மேல் பூப்போட்ட தாள். அதன்மேல் பெட்டி. பெட்டி ஆடாமல் இருக்கப் பஞ்சு. எல்லாம் என் கைங்கரியம். சலவை இயந்திரத்தில் எத்தனை தடவை சுழன்றாலும் தாங்கும் என்று இதே பட்டனுக்குக் கையெழுத்துப் போட்டவளும் நான்தான். இஸ்திரிப் பெட்டியைத் தாங்குகிற சாமானை முட்டை மாதிரிப் பொத்திப் பொத்தி, காற்றுக்கும் பஞ்சுக்கும் தபால் கட்டணம் கட்டியிருக்கிறேன். வேறு யாராவது செய்திருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

இதை வீட்டில் சொல்லப் போவதில்லை.

எதிர்க் கடையில் அட்டையும் உறையும் வாங்கி வந்தேன். ஊசி நூல் என் கைப்பையில் எப்போதும் உண்டு. சட்டையில் தைப்பதுபோல் பட்டன்களை அட்டையில் தைத்தேன். தட்டைப் பட்டன்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. நாடகக்காரியின் கண்ணாடிப் பட்டன்கள்தான் அடம்பிடித்தன — பின்பக்கம் காம்பு வைத்தவை, அட்டையில் படுக்கவே இல்லை. கத்தரிக்கோல் நுனியால் அட்டையில் நாற்பது ஓட்டை போட்டு, காம்பை உள்ளே இறக்கி, பின்னால் ஒரே நூலால் கோத்துக் கட்டினேன். வருகிறவர்கள் போகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கவுண்டர் பெண் உறையைப் பிளவில் வைத்து ஒரு விரலால் தள்ளினாள். மறுபக்கம் விழுந்தது. "லெட்டர்" என்றாள், அதே சலிப்போடு. எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"இதுக்கு டிராக்கிங் உண்டா?"

"லெட்டருக்கு ஏதும்மா டிராக்கிங்? போய்ச் சேரும்."

"எப்ப?"

"சேரும்போது சேரும்."

நாடகக்காரியின் உறையை மட்டும் விரைவு கூரியரில் போடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அந்தக் கட்டணத்தைக் கொடுத்தால் நாற்பது பட்டனையும் இனாமாக அனுப்பி, மேலே கைக்காசும் போட்ட மாதிரி. பதினேழாம் தேதிக்குள் கடிதம் போய்விடுமா? போகலாம். போகாமலும் இருக்கலாம். கடிதத்திலேயே போட்டேன்.

ஏப்ரல் 5, சனி

மாமியார் போன். "கடையில நாலு பேர் முன்னாடி அவன அப்படிப் பேசிட்டியாமே. அவன் சாப்பிடவே இல்லையாம்." நாலு பேர் இல்லை, இரண்டு பேர் என்று திருத்தினேன்.

இவர் என் கையிலிருந்து போனை வாங்கினார். "அம்மா, அவ கேட்டதுல தப்பில்ல. அவ சாமான் மேல கால் வெச்சிருந்தான்." அவ்வளவுதான். வைத்துவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டாரிடம் எனக்காக இவர் பேசிய முதல் வாக்கியம். நான் மாடிக்குப் போய் அழுதேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் கழித்தா என்று கோபமாகவும் இருந்தது.

ஏப்ரல் 11, வெள்ளி

கடையை மூடிவிட்டார்கள். காலையில் இரண்டு புகார், மதியத்துக்குள் பூட்டு. முறையீடு எழுதினேன். எழுதி முடித்து மூச்சு விடுவதற்குள் பதில்: 'தங்கள் கோரிக்கை கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது.' அந்த நேரத்தில் மனுஷனால் தும்மக்கூட முடியாது.

உறைகள் எங்கோ வானத்தில் இருக்கின்றன. போய்ச் சேர்ந்து நல்ல பெயர் வாங்கித் தர இனிமேல் கடை இல்லை.

ஏப்ரல் 17, வியாழன்

இன்று முதல் காட்சி. ஒரு தகவலும் இல்லை.

ஏப்ரல் 21, திங்கள்

நாடகக்காரி எழுதிவிட்டாள். கடை பூட்டியிருப்பதைப் பார்த்து, உறையின் பின்புறம் இருந்த என் முகவரியைப் பிடித்து நேராகவே எழுதியிருக்கிறாள். உறை ஒரு நாள் தாமதம். முதல் காட்சியில் வில்லன் கோட்டைத் திறந்து போட்டுக்கொண்டு காற்று வாங்குகிறவன்போல் வந்தானாம். இரண்டாம் நாள் கழுத்துவரை நாற்பது பட்டனும் பூட்டிக்கொண்டு வந்ததும் முன்வரிசையில் ஒரு பிள்ளை அழுதுவிட்டதாம். அடுத்த நாடகத்துக்கும் பட்டன் கேட்டிருக்கிறாள். தாமதத்துக்காக விலையில் கொஞ்சம் குறைக்க வேண்டுமாம். வில்லனுக்குத் தைக்கிறவள் அல்லவா.

குறைத்தேன். மாடிக்கும் கீழுக்குமாக மூன்று தடவை காரணமில்லாமல் ஏறி இறங்கினேன்.

ஏப்ரல் 28, திங்கள்

வாசலில் சர்வதேசம். தலை வாரவில்லை.

"அண்ணி, கடையில ஆளுங்க வந்து நிக்கிறாங்க. அவங்க பார்சல் எங்கன்னு கேக்கறாங்க. நீங்க அன்னிக்கு சத்தம் போட்டீங்கல்ல, அது ஊரெல்லாம் தெரிஞ்சு போச்சு."

"மூட்டை நெறையலையா தம்பி?"

"இருந்ததையும் எடுத்துட்டுப் போறாங்க அண்ணி." குரல் உடைந்துவிட்டது. இந்த மனுஷனை வெறுப்பதுகூட எவ்வளவு கஷ்டம். "போஸ்ட் ஆபீஸ்ல ஏதோ ஒல்லியா பண்ணி கம்மி ரேட்டுல அனுப்பறீங்களாமே. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா? கால்ல வேணா விழறேன்."

"காலைப் பத்தி மட்டும் என்கிட்ட பேசாதீங்க" என்றேன்.

போனேன். காதணி விற்கும் ஒரு பெண், பழைய தபால்தலை விற்கும் பெரியவர், பொம்மைக்குச் சட்டை தைக்கிறவள் — அத்தனை பேரும் என்னைப்போலவே காற்றைக் கட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகப் பிரித்து, தட்டையாக்கி, உறையில் போட்டுக் கொடுத்தேன். நுழையாததைப் பார்சல்தான் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். யாருக்கும் கோபம் வரவில்லை. இல்லை என்பதை நேராகச் சொன்னால் மனுஷர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். இது சர்வதேசத்துக்குத் தெரியவே தெரியாது.

நாளைக்கும் வரச் சொன்னார். வாசலைப் பார்த்த நாற்காலி எனக்கு, மூட்டை வெளியே, ஸ்டிக்கர் குப்பையில், என் பட்டன் பெட்டிகளுக்கு உள் அலமாரி என்றேன். "சரிங்க அண்ணி" என்றார்.

மே 20, செவ்வாய்

நாடகக்காரிக்கு மூன்றாவது உறை போனது. கூட்டம் அதிகம், கை ஓயவில்லை. மதியம் சர்வதேசம் பின்பக்கத்திலிருந்து வந்து என் மேசைக்கு எதிரே நின்றார். ஏதோ சொல்ல வருவதும் தொண்டையைக் கனைப்பதுமாக இருந்தார். என்ன தம்பி என்றேன்.

"பல்லு வலி அண்ணி. டாக்டரைப் பாக்கணும். அரை நாள் லீவு வேணும்."

காதணிப் பெண்ணின் உறையை ஒட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தேன். கன்னம் நிஜமாகவே வீங்கியிருந்தது.

கொடுத்தேன்.